ஒரு லேத்து, இரண்டு சட்டங்கள்

"மெஷினை யாருண்ணா ஓட்டுறது? நீங்களா, ஆள் வெச்சு ஓட்டுறீங்களா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் மனைவியின் தம்பி வைத்திருக்கும் லேத்து பட்டறையில்தான் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர், அதே வரிசையில் நான்கு ஷெட் தள்ளிப் பட்டறை நடத்துபவரின் மகள். பி.காம். முடித்து, கம்பெனி செக்ரட்டரி தேர்வும் எழுதித் தேறியவர். பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் மடிக்கணினியில் நுகர்வோர் சட்டமும் போட்டிச் சட்டமும் முதுநிலை அளவில் படிக்கிறார்.

மைத்துனருக்கு அன்று மனசே சரியில்லை. வங்கியில் கடன் போட்டு 18 லட்ச ரூபாய்க்கு ஒரு சி.என்.சி. லேத்து வாங்கியிருந்தார். சொன்ன தேதிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் மெஷின் வந்து இறங்கியது. வந்த பிறகும் வேலைக்கு ஆகவில்லை. "காலையில போடற பீஸும் மதியம் போடற பீஸும் ஒண்ணா வரல மாமா, சைஸ் நிக்கல" என்றார். இரும்புச் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய, அளவு தவறியதால் கம்பெனி திருப்பி அனுப்பிய பீஸ்கள். விற்றவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். "காசு குடுத்துத்தானே வாங்குனேன்? நானும் கன்ஸ்யூமர்தானே? கேஸ் போட முடியாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பதில் மேலே சொன்ன கேள்வியிலிருந்து தொடங்கியது. அந்தக் கேள்விக்குள் முப்பது ஆண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

லேத்து ஏறிய உச்ச நீதிமன்றம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டிலும் ஒரு நிபந்தனை மாறவில்லை. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான்.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் விரிவாகச் சொன்னது. வழக்கில் ஒரு தரப்பு லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம். மறுதரப்பு, மெஷின் செய்து கொடுத்த நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். சண்டை ஒரு சி.என்.சி. டர்னிங் மெஷினைப் பற்றியது. வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் போகிற போக்கில் நீதிபதிகள் எடுத்துக்காட்டாகச் சொன்ன பொருள்களில் ஆட்டோவும் காரும் லேத்தும் இருந்தன. வாங்கியவரே ஓட்டிப் பிழைத்தால் அவர் நுகர்வோர். வாங்கிப் போட்டுவிட்டு முழுக்க முழுக்க இன்னொருவரை வைத்து ஓட்டினால் நுகர்வோர் அல்ல. தானே ஓட்டுபவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டால் அதனால் நுகர்வோர் தகுதி போய்விடாது.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எத்தனை ஷெட்களில் முதலாளியே டர்னராக நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் இந்தத் தீர்ப்பின் கனம் தெரியும். இங்குள்ளவர்களுக்கு மிகவும் வேண்டிய சட்டம் இது. ஆனால் இங்குள்ளவர்கள் காதில் விழாமலே கிடக்கிறது.

ஒரு பிஸ்கட் குறைந்தது

இதே சட்டத்தின் இன்னொரு முகத்தை நம் வட்டாரமே நாட்டுக்குக் காட்டியது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் தந்த ஒரு தீர்ப்பு நாடெங்கும் செய்தியானது. மணலியில் ஒருவர் 2021 டிசம்பரில், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காக ஐ.டி.சி. நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டுகள் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது. உள்ளே 15 இருந்தன.

நாங்கள் எண்ணிக்கையை வைத்து விற்பதில்லை, எடையை வைத்துத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். உறையில் இருந்த எடை 76 கிராம். ஆணையம் நிறுத்துப் பார்த்தபோது 74 கிராம்தான் இருந்தது. வாங்குபவர் உறையில் அச்சிட்டதை நம்பித்தான் காசு கொடுக்கிறார் என்ற நிலையில் நின்ற ஆணையம், அதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று கண்டது. இழப்பீடாக 1 லட்ச ரூபாயும் வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாயும் தர உத்தரவிட்டது.

ஒரு பிஸ்கட்டுக்காகவா இவ்வளவு என்று சிலர் சிரித்தார்கள். அது ஒருவருக்கு முக்கால் ரூபாய். லட்சக்கணக்கான பாக்கெட்டுகள் விற்கும் இடத்தில் அந்த முக்கால் ரூபாய் என்ன தொகையாகும் என்று கணக்குப் போட்டுக் கேட்டதுதான் அந்த மனுவின் உயிர். சின்னச் சின்ன இழப்பு கோடிப் பேரிடம் பரவிக் கிடக்கும்போது தனித்தனியாக யாருக்கும் வழக்குப் போடத் தோன்றாது. அந்த அலட்சியத்தின் மேல்தான் பெரிய லாபங்கள் எழும்புகின்றன.

பாடியில் செய்த பாகம், ஷெட்டுக்கு வராத பாகம்

வாங்கும் பொருளில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும். குறையே இல்லாத பொருளை, வேறு கடைக்குப் போக வழியில்லாமல் இரட்டை விலைக்கு வாங்க நேர்ந்தால்? அங்கே வருவது போட்டிச் சட்டம். இதற்கும் நம் ஊரிலிருந்தே பாடம் எடுக்கலாம்.

பாடியிலும் அம்பத்தூரிலும் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அவற்றைச் சுற்றி இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் கார் ஆலைகள். இத்தனை பாகம் செய்கிற ஊரில், தெருமுனை மெக்கானிக் ஷெட்காரர் ஒரு காருக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் கேட்டு அலைவதைப் பார்க்கிறோம். "கம்பெனி சர்வீஸ்லதான் கெடைக்கும் சார்" என்று அவர் கையை விரிப்பார்.

அதற்கான காரணத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று தந்த உத்தரவில் பிரித்து வைத்தது. 2011-ல் ஒரு தனிமனிதர் மூன்று கார் நிறுவனங்கள் மீது கொடுத்த தகவலில் தொடங்கிய விசாரணை, 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதத்தில் முடிந்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு, நிஸான் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், விசாரணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அந்த நிறுவனத்துக்குத் தனியாக 2015 ஜூலையில் 420 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது.

ஆணையத்தின் தர்க்கம் எளியது. கார் வாங்கும் வரை உங்களுக்குப் பத்து நிறுவனங்கள் கண்ணெதிரே நிற்கும். வாங்கிய மறுநாளிலிருந்து அந்தக் காருக்குப் பொருந்தும் பாகத்துக்கு ஒரே ஓர் இடம்தான். அந்தச் சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பிராண்டுக்குத் தானே ராஜா. அந்த நிலையை வைத்துக்கொண்டு, பாகம் செய்து தரும் ஆலைகளை வெளிச்சந்தையில் விற்கவிடாமல் தடுத்ததும், தனி மெக்கானிக்குகளுக்குப் பாகமும் பழுதுபார்க்கும் தகவலும் கிடைக்காமல் செய்ததும் தவறு என்றது ஆணையம்.

இந்த உத்தரவில் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். கார் வைத்திருப்பவர், ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், தன் பெயரிலேயே பாகத்தை விற்க முடியாத ஆலை, அந்த ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத்துக்காரர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் ஒரே தெருவில் இந்த நாலு பேரும் குடியிருப்பார்கள்.

மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தவறு நடந்தது உறுதியானது. ஆனால் அபராதத்தை நிறுவனத்தின் மொத்த விற்பனையை வைத்துக் கணக்கிடாமல் உதிரி பாக விற்பனையை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2017-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே அளவுகோலை ஏற்றது. 2023-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, உலக அளவிலான மொத்த விற்பனையையே கணக்கில் எடுக்க வழிசெய்தது. பத்து ஆண்டுகளுக்குள் அளவுகோல் இரண்டு முறை புரண்டிருக்கிறது. ஒரு முறை படித்துவிட்டு மூடி வைக்கிற சட்டம் இல்லை இது.

டயர் வழக்கும் நம் வீட்டு வாசலில் வந்து நின்றதுதான். டயர் வியாபாரிகளின் சங்கம் கொடுத்த முறையீடு மத்திய அரசு வழியாக ஆணையத்துக்குப் போனது. நம் சென்னையின் எம்.ஆர்.எஃப். உட்பட ஐந்து டயர் நிறுவனங்கள் பேசிவைத்து விலையை ஏற்றியதாக 2018-ல் உத்தரவு தயாரானது. எம்.ஆர்.எஃப். சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதால் அது உறைக்குள்ளேயே இருந்தது. 2022 பிப்ரவரியில் வெளியானபோது மொத்த அபராதம் 1,788 கோடி ரூபாய், அதில் எம்.ஆர்.எஃப். பங்கு 622 கோடி. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஆணையத்துக்கே திருப்பியது. ஒரு வழக்கு இத்தனை படி ஏறி இறங்குவதைப் பின்தொடரத் தெரிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

ஒரே கூரையின் கீழ் இருந்தவை

இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது புதுமோகம் இல்லை. இந்தியாவில் இவை ஒரே கூரையின் கீழ் இருந்தவைதான். 1969-ல் வந்த ஏகபோகத் தடைச் சட்டத்தில் 1984-ல் நியாயமற்ற வணிக நடைமுறைகளையும் சேர்த்தார்கள். பேசிவைத்து விலையேற்றுவதையும் பொய் விளம்பரத்தையும் ஒரே ஆணையம் விசாரித்தது. பிறகு எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002-ல் போட்டிச் சட்டம் வந்தது. பாகம் பிரிந்தது. சந்தையைக் காக்கும் வேலை டெல்லியில் இருக்கும் போட்டி ஆணையத்துக்கும், வாங்குபவரைக் காக்கும் வேலை மாவட்டந்தோறும் இருக்கும் நுகர்வோர் மன்றங்களுக்கும் போயின.

ஆஸ்திரேலியாவில் இன்றும் ஒரே சட்டம், ஒரே அமைப்பு. 2010-ல் அவர்கள் சட்டத்துக்கு வைத்த பெயரே போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம்தான். மெல்போர்ன் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி இரண்டையும் சேர்த்து முழுக்க இணையவழியில் முதுநிலைப் படிப்பு நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஐரோப்பியப் போட்டிச் சட்டப் படிப்பு வெகுகாலமாகத் தொலைநிலையில் பெயர் பெற்றது. நம் நாட்டில் பெங்களூரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நுகர்வோர் சட்டத்துக்கென்றே ஒரு முதுநிலை டிப்ளமோவைத் தன் தொலைநிலைப் பட்டியலில் சேர்த்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு.

வீடு வாங்குவோர் விஷயத்தில் இரண்டு சட்டங்களும் கைகோப்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். திருமுல்லைவாயிலிலும் பூந்தமல்லியிலும் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள், பணம் தாமதமானால் தங்களுக்கு எவ்வளவு வட்டி, வீடு தாமதமானால் பில்டர் தருவது எவ்வளவு என்று ஒப்பந்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அப்படிப்பட்ட ஒருதலை நிபந்தனைகளுக்காகக் குருகிராமில் டி.எல்.எஃப். நிறுவனத்துக்குப் போட்டி ஆணையம் 2011-ல் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே மாதிரி நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் 2019-ல் இன்னொரு வழக்கில் நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்றது. போட்டி ஆணையத்தின் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். கட்டிய பணமும் இழப்பீடும் கைக்கு வர நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும். எந்தக் கதவு எதற்கு என்று தெரியாதவர் தப்பான கதவில் நின்று ஆண்டுகளை இழப்பார்.

படித்தவர் எங்கே போய் நிற்கலாம்?

இந்தப் படிப்பு வக்கீல்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். போட்டி ஆணையத்தின் முன் வழக்கறிஞர்கள் தவிர சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆகியோரும் வாதாடச் சட்டத்தின் 35-வது பிரிவு அனுமதிக்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் 2021 முதல் சென்னையில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்களில் வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதிகளும் நிற்கலாம் என்பது 2011 முதல் உறுதியாகிவிட்டது.

இன்னொரு வாசலும் உண்டு. நுகர்வோர் ஆணையங்களின் உறுப்பினர்களை எழுத்துத் தேர்வு வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டமும், சட்டம், வணிகம், தொழில், பொறியியல் போன்ற துறைகளில் பத்து ஆண்டு அனுபவமும் போதும் என்று தகுதியையும் அகலப்படுத்தியது. ஆவடி டாங்கி ஆலையிலும் எஸ்டேட் கம்பெனிகளிலும் பொறியாளராக உழைத்தவர்கள் எத்தனை பேர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்! ஒரு மெஷினின் குறையை அவர்களைவிட யார் நன்றாக எடைபோட முடியும்?

பணம் கட்டும் முன்

ஆனால் பரபரப்பாக வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள்படி சட்டப் பட்டங்களை இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது. யாராவது "ஆன்லைன் எல்.எல்.எம்." என்று கூவினால், அதை வைத்துப் பேராசிரியர் வேலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போக முடியுமா என்று பார் கவுன்சில் தரப்பில் எழுத்தில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். வெளிநாட்டுப் பட்டமானாலும் இதே கதைதான். டிப்ளமோ, சான்றிதழ் என்றால் அது அறிவுக்கும் பணித்திறனுக்கும் உதவும். வக்கீல் பட்டம் ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு சேர்வது வேறு, ஏமாந்து சேர்வது வேறு.

இன்னொன்றும் உண்டு. கல்வி நிறுவனத்தின் மீது மாணவர் நுகர்வோர் வழக்குப் போட முடியுமா என்பதே நீண்டகாலச் சர்ச்சை. பல்கலைக்கழகம் சேவை விற்பவர் அல்ல என்ற திசையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. தனிப் பயிற்சி மையங்கள் மட்டும் இந்தப் பாதுகாப்புக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொன்னது. ஆக, பணம் கட்டிய பிறகு கிடைக்கும் நிவாரணத்தை நம்பாமல் கட்டும் முன்பே விசாரிப்பதுதான் மாணவருக்கு நல்லது.

பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2023-ன் போட்டிச் சட்டத் திருத்தம் இருக்கிறதா? 2019 சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயமும் நியாயமற்ற ஒப்பந்தப் பிரிவும் இருக்கின்றனவா? உத்தரவுகளை முழுதாகப் படிக்க வைக்கிறார்களா, குறிப்பு மட்டும் கொடுக்கிறார்களா? புகார் மனு ஒன்றையாவது எழுத வைப்பார்களா? போட்டி ஆணையத்தின் உத்தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒன்று படித்தாலே பாதிப் படிப்பு ஆகிவிடும்.

என் மனதில் உள்ள குறை ஒன்றே ஒன்று. இந்தப் படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கிவிட்ட காலம் இது. லேத்துக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் புரிகிற தமிழில், நம் மாவட்ட ஆணையங்களின் தீர்ப்புகளையே பாடமாக வைத்து, மாலை நேர இணைய வகுப்பு ஒன்றை நம் சட்டப் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். தரமணிக்கோ பட்டரைபெரும்புதூருக்கோ போய்வர நேரமில்லாதவர்கள் இந்தப் பக்கம் ஏராளமாக இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து படிக்க அவர்கள் தயார்.

முதல் வரி

பட்டறைக்குத் திரும்புவோம். அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மெஷின் விலை 50 லட்சத்துக்குள், எனவே மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 400 ரூபாய். குறை தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்தாக வேண்டும். பட்டறை இருக்கும் அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. வீடு இருக்கும் திருமுல்லைவாயில் திருவள்ளூர் மாவட்டம். புதிய சட்டத்தில் குடியிருக்கும் இடத்திலும் புகார் செய்யலாம், வேலை செய்யும் இடத்திலும் செய்யலாம். 2025 தொடக்கத்திலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்ற முடிகிறது.

"இப்பச் சொல்லுங்கண்ணா. மெஷினை யாரு ஓட்டுறது?"

"நான்தாம்மா. காலையில எட்டு மணிக்கு நின்னா ராத்திரி வரைக்கும் நான்தான். மெட்டீரியல் தூக்க ஒரு பையன் இருக்கான், அவ்ளோதான்."

"உதவிக்கு ஒருத்தர் இருந்தா பரவாயில்லண்ணா. ஆனா அதை மொதல்லயே எழுதிடணும். இல்லாட்டி நீங்க வியாபாரின்னு சொல்லி வாசல்லயே திருப்பி அனுப்பப் பார்ப்பாங்க."

மனுவின் முதல் வரியை மைத்துனர் தன் கையாலேயே எழுதினார். விரலில் இருந்த கிரீஸ் தாளின் ஓரத்தில் ஒட்டியது: "இந்த இயந்திரத்தை என் பிழைப்புக்காக வாங்கி, நானே இயக்கிவருகிறேன்."